எரிகோ வழியில் எழுந்த குரல்

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் பர்த்திமேயு என்னும் பார்வையற்றவர், இயேசு எரிகோவை விட்டுப் புறப்படும்போது தமக்கு இரங்குமாறு கூவுகிறார்; கூட்டம் அதட்ட அதட்ட அவர் குரல் மேலும் உயர்கிறது. குணமளிக்கும் கதைகளுள் இதுவே இசைக்கு மிக இணக்கமானது எனலாம். ஒரே வேண்டுதல் திரும்பத் திரும்ப வந்து அழுத்தம் பெறுவது பாட்டின் இயல்பே அன்றோ!

1723 பிப்ரவரி 7 அன்று லைப்சிக் நகரின் இசைப் பொறுப்பாளர் பதவிக்கான தேர்வில் யோகான் செபாஸ்டியன் பாக் அளித்த ஒரு கன்டாட்டா, அதாவது குரலும் வாத்தியமும் இணைந்த வழிபாட்டு இசைத்தொடர், இந்நிகழ்ச்சியையே பொருளாகக் கொண்டது. அதில் ஆண்குரல் ஒன்று உரைநடைபோல் பாடிச் செல்லும்போது, இரக்கம் வேண்டும் பழைய ஞானப்பாட்டின் மெட்டை ஓபோ என்னும் துளைக்கருவியும் வயலினும் சொல்லின்றி இசைக்கின்றன. அச்சொற்களை நினைவால் நிரப்புவது கேட்பவரின் வேலை. இத்தகைய வேண்டுதல் ஓவியத்திலும் காட்சியாகிறது: டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1648ஐ ஒட்டிச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஓவியத்தில் நோயாளர் கூட்டம் இருளிலிருந்து ஒளியை நோக்கி நகர்கிறது.

தமிழில் இவ்வேண்டுதலைப் பாட்டாக்கும் பணியைத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த கீர்த்தனை மரபு ஏற்றது. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்பும் அவ்வடிவம், பர்த்திமேயுவின் விடாப்பிடியான வேண்டுதலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. மலேசியாவில் 1972இல் உருவான மலாக்கா–ஜொகூர் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தமிழ்த் திருப்பலிகளிலோ குணமளிக்கும் வேறொரு கதை பதிந்துள்ளது: கப்பர்நாகூமில் தம் ஊழியருக்காக மன்றாடிய உரோமைப் படைத்தலைவரின் தாழ்மைச் சொற்களையே, நற்கருணை பெறுமுன் இறைமக்கள் சற்று மாற்றிச் சொல்கின்றனர்.