மூன்று பாத்தி, இரண்டு வரப்பு: கணினியில் தாளம் எழுதுதல்

கலைத் திருவிழாவுக்கு மிருதங்கம் பழகும் மாணவரிடம் தாளத்தை எழுதச் சொன்னால், 'தகதிமி தகதிமி' என்று பக்கத்தை நிரப்பிவிடுவார். இசையை எழுத்தால் குறிப்பது நமக்குப் புதிதல்ல. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எழுத்தும் குறிகளுமாகவே அச்சானது. கணினியிலும் அவ்வாறு எழுதலாம். அதற்கான லில்லிபாண்ட் என்னும் இலவச மென்பொருளை 1996இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் தொடங்கினர். சுரத்தையும் கால அளவையும் தட்டச்சு செய்தால், அச்சுக்கு ஏற்ற இசைத்தாளும் கேட்டுப் பார்க்க ஒலிக்கோப்பும் கிடைக்கும். கட்டளைகளை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 அட்சரங்கள். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு 4 அலகுகள், ஆக 32. இதைத் 'தகதிமி'யால் நிரப்ப 32 குறிகளையும் தட்டத் தேவையில்லை. நான்கு குறிகளை அடைப்புக்குள் எழுதி, முன்னால் 'ரிபீட் அன்ஃபோல்ட் 8' என்றால் போதும். 'அன்ஃபோல்ட்' என்பதை 'பர்சென்ட்' என்று மாற்றினால், இரண்டாம் முறை முதல் குறிகளுக்குப் பதிலாகத் 'திரும்ப வாசி' என்னும் அடையாளம் அச்சாகும். ஒரு சொற்கட்டுக்குப் பெயர் சூட்டி, வேண்டிய இடங்களில் பெயரை மட்டும் எழுதவும் முடியும். பிறகு அதில் ஓர் அடியைத் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். மேல்நிலை மாணவர்கள் பைத்தானில் ஒரு சரத்தை 8ஆல் பெருக்குவதும் இதே கருத்துதான்.

சிக்கல் வருவது தீர்மானத்தில். ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து, நடுவே கார்வை விட்டு, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில் சேர வேண்டும். 'தகதகிட தகதகிட' 10 அலகு, கார்வை 1 அலகு என்று கொள்வோம். இரண்டையும் ஒரே அடைப்பில் போட்டு 'ரிபீட் 3' என்று எழுதத்தான் எல்லோருக்கும் தோன்றும். 11 × 3 = 33. ஓர் அலகு கூடுகிறது, சமம் தவறுகிறது. மேடையில் இது உடனே காதில் விழும். தாளிலோ தெரியாமல் போகும்.

கிளியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரக்காணம் உப்பளத்தைச் சொன்னால் புரியும். வரிசையாக மூன்று பாத்திகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே உள்ள வரப்புகள் இரண்டுதான். கார்வையும் அப்படியே. எனவே 'சொற்கட்டு, கார்வை' என்னும் இணையை 2 முறை திரும்பச் செய்து, கடைசிச் சொற்கட்டைத் தனியே எழுத வேண்டும்: 22 + 10 = 32. ஆவர்த்தன முடிவில் ஒரு நேர்கோட்டுக் குறி இட்டு வைப்பது நல்லது. கணக்கு தவறினால் லில்லிபாண்டே எச்சரிக்கும்.

இதைக் கணித ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம். சொற்கட்டு ப, கார்வை க எனில் 3ப + 2க = 32. 32உம் 2கவும் இரட்டை எண்கள் என்பதால் பவும் இரட்டையாகவே இருக்கும்: 10க்கு 1, 8க்கு 4, 6க்கு 7. சிறு வகுப்புகளுக்குக் கணினியே வேண்டாம். மூன்று குழுக்கள் சொற்கட்டைத் தட்ட, இடையில் இரு மாணவர்கள் கார்வையை விரல்விட்டு எண்ணட்டும். பழகியபின் ரூபக தாளத்தின் 12 அலகுக்கு விடை கேளுங்கள். கார்வை இல்லாமல் 4 என்று ஒருவர் சொல்வார், 2க்கு 3 என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரி, எது கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும்.