முகாம் வாசலைத் தாண்டிய போலீஸ்

மலேசிய முப்படையிலும் இராணுவ போலீஸ் ஒன்றா, வேறுவேறா என்று எழுதச் சொன்னார்கள். வேறுவேறுதான். தரைப்படையில் அரச இராணுவ போலீஸ் கோர் தனிப்பிரிவு. அதில் சேர்ந்தவருக்கு அதுவே முழுநேரத் தொழில். வாகன அணிக்கு வழி ஒழுங்கு செய்வது, விடுப்பில் போய்த் திரும்பாதவனைத் தேடிப் பிடிப்பது, முகாமுக்குள் நடக்கும் குற்றங்களைத் துப்புத் துலக்குவது எல்லாம் அவர்கள் பாடு. லுமுட்டில் இருக்கும் கடற்படைக்குப் புரோவோஸ் என்ற போலீஸ். நடுக்கடலில் போலீஸ் நிலையத்துக்கு எங்கே போவது? அங்கே கட்டொழுங்கு கப்பல் தலைவரின் கையில்; புரோவோஸுக்கு வேலை பெரும்பாலும் கரையில்தான். ஆகாயப்படையின் போலீசுக்கு விமானமும் ஓடுபாதையும்தான் பெரிய கவலை. மூவருக்கும் 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டம் பொது.

பேராக் தமிழருக்கு முக்கியமான கேள்வி வேறு. அந்தப் போலீசின் கை முகாம் வாசலோடு நிற்கிறதா?

ஒரு காலத்தில் நிற்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் ஈப்போவை நடுங்க வைத்த கெம்பெத்தாய், தொடக்கத்தில் 1881இல் தரைப்படை வீரர்களைக் கட்டுக்குள் வைக்க அமைத்த இராணுவ போலீஸ்தான். ஜப்பானியக் கடற்படைக்குத் தொக்கெய்தாய் என்று தனியாக ஒன்று இருந்தது; போர்னியோ, செலிபீஸ் பக்கம் கடற்படை ஆண்ட இடங்களில் அது. மலாயா தரைப்படையின் பிடியில் இருந்ததால் நமக்கு வாய்த்தது கெம்பெத்தாய். பெயர் மாறினாலும் இரண்டும் ஊர் மக்களையே வேட்டையாடின.

பாப்பானில் இலங்கைத் தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவும் மனைவி சிபிலும் காட்டில் இருந்த போராளிகளுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார்கள். வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்துப் பி.பி.சி. செய்தி கேட்டார்கள். 1943இல் சிபிலைக் கெம்பெத்தாய் பிடித்துக்கொண்டு போனது. சித்திரவதையில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, பத்து காஜா சிறையில் கிடந்து, போர் முடிந்த பிறகுதான் அந்த அம்மாள் வெளியே வந்தார். பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. 1948 ஜூனில் பிரிட்டனிலேயே அவர் உயிர் பிரிந்தது. இன்று ஈப்போ பேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை.

அதே 1948 ஜூனில்தான் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. லயத்து வாசலில் மறுபடியும் சீருடைகள். வந்தது பட்டாளமா, போலீசா, ஸ்பெஷல் கான்ஸ்டபிளா என்று பார்த்துப் பயப்பட யாருக்கு நேரம்?

சட்டப்படி இன்று இராணுவ போலீசுக்கு வேலை சீருடைக்காரர்களிடம்தான். தளத்துக்கு வெளியே தமிழிலும் எழுதியிருக்கும் ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ பலகையைத் தாண்டினால் கதை வேறு. ஆனாலும் என் கவலை தீரவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சாலைத் தடுப்புகளில் போலீசாரோடு படைவீரர்களும் நின்றார்கள். அமலாக்கம் போலீசார் பொறுப்பு, படை துணைக்கு மட்டும். காரில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? துப்பாக்கியோடு யார் குனிந்து பார்த்தாலும் ஐசியை எடுத்து நீட்டினோம்.