பட்டறை வாலிபர்களும் மோட்டார்ச் சட்டமும்

தன் பணத்தில் வாங்கிய மோட்டாரைத் தன் மனம்போல மாற்றிக்கொள்ள ஒருவனுக்கு உரிமையுண்டா? இல்லையென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் கேரளத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தார்கள். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது. காஸ் எரிபொருளுக்கு மாற்றுவது, உடற்குறையுடையோர் ஓட்டுவதற்கேற்பத் திருத்துவது போன்ற சிலவற்றுக்கே விலக்குண்டு. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டுமே என்று விதித்தது.

நள்ளிரவில் ஊரை எழுப்பும் புகைக்குழாய்களுக்காகவும், எதிரே வருபவன் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளுக்காகவும் நாம் பரிந்து பேச வரவில்லை. அவற்றைக் கழற்றி எறிவதே நியாயம். ஆனால் களையையும் பயிரையும் ஒரே அரிவாளால் அறுப்பது என்ன விவசாயம்?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. அந்நிய வண்டிகளை இறக்குமதி செய்வது அரிதாயிருந்த அக்காலத்தில், குடும்பங்களைச் சுமந்த பியட்டும் ஹெரால்டுமே பந்தயக் குதிரைகளாயின. சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தை உயர்த்தினார்கள், கார்புரேட்டரைப் பெரிதாக்கினார்கள், வேண்டாத கனத்தை வெட்டி எறிந்தார்கள். கலாசாலைப் பட்டமில்லாத மெக்கானிக்குகள் பலர் இவ்வாறே யந்திர சாஸ்திரம் கற்றனர். கோயமுத்தூர் கரிவர்த்தன் சாதாரண மாருதி 800 யந்திரத்தை வைத்தே குறைந்த செலவில் பந்தய வண்டி அமைத்தார். அவ்வகை வண்டியில் பந்தயம் தொடங்கிய கோவை வாலிபர் நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

பந்தய மைதானத்தில் எதையும் செய்துகொள்ளட்டுமே என்பார்கள். மைதானங்கள் எத்தனை இருக்கின்றன? பட்டறைப் பையன் கை பழகுவது தெருவில் ஓடும் பழைய வண்டியில்தான்.

ஜெர்மனியில் வண்டியில் செய்த மாற்றத்தை நிபுணர் பரிசோதித்து, சரியாயிருந்தால் வண்டியின் பத்திரத்தில் பதிந்து கொடுக்கிறார்கள். பிரேக், சக்கரம், புகை, சத்தம் யாவும் சோதனைக்குட்பட்டவை. தேறாத வண்டி சாலைக்கு வரமுடியாது. நமது சர்க்காரும் இம்முறையை ஏற்பதில் என்ன தடை? போக்குவரத்து ஆபீஸ்தோறும் தகுதிவாய்ந்த யந்திர நிபுணர் ஒருவரை நியமிக்கட்டும். சோதனைக் கட்டணத்தையும் சர்க்காரே நிர்ணயிக்கட்டும். செலுத்த நம் வாலிபர்கள் மறுக்கமாட்டார்கள்.