செல்லோவில் முதல் பாட்டு வரை

குழந்தையைத் தனி வகுப்பில் சேர்த்ததும் பெற்றோர் எதிர்பார்ப்பது பாட்டை. ஆசிரியரோ முதலில் உடம்பை, பிறகு வில்லை, அதன் பிறகே இடக்கை விரல்களைக் கவனிப்பார். இந்த வரிசையை அவசரப்படுத்தினால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. ஆறேழு வயதுக்கு வாரம் ஒரு முறை அரை மணி நேர வகுப்பும், வீட்டில் தினம் பத்துப் பதினைந்து நிமிடச் சாதகமும் போதும்.

1. அளவு பார்ப்பது

ஆறு வயதுக்குப் பெரும்பாலும் 1/8 அல்லது 1/4, ஒன்பது வயதுக்கு 1/2 அளவு பொருந்தும். ஆனாலும் உட்காரவைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பது சட்டைக்குச் சரி; செல்லோவில் அது விரலையும் தோளையும் இறுக்கிவிடும். அளவு மாறிக்கொண்டே போகும் என்பதால், கிடைக்கும் ஊரில் வாடகைக்கு எடுப்பதே மேல்.

2. உட்காருவது

நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்கள் தரையில் பதிய வேண்டும். முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது. செல்லோவின் மேல்விளிம்பு நெஞ்சில் சாயும். அடிப்பாகம் முட்டிகளுக்கு நடுவே நிற்கும். சி தந்தியின் பிருடை இடக்காதுக்குப் பின்னால் வரும். கைகளை எடுத்தாலும் செல்லோ விழாமல் நின்றால் உட்கார்ந்த விதம் சரி. டைல்ஸ் தரையில் அடிக்கம்பி வழுக்கும். அதை நிறுத்த நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை வேண்டும்.

3. மீட்டுவது

தந்திகள் தடித்ததிலிருந்து சி, ஜி, டி, ஏ. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம். முதலில் வில் இல்லாமல், பெயர் சொல்லி விரலால் மீட்டினால் காது பழகும்.

4. வில் பிடிப்பது

இதைப் பென்சிலில் தொடங்குவது நல்லது. கட்டைவிரல் வளைந்திருக்க, அதற்கு எதிரே நடுவிரலும் மோதிரவிரலும் தளர்வாக விழ வேண்டும். சுட்டுவிரல் சற்றுத் தள்ளிச் சாயும். சுண்டுவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். கட்டைவிரல் விறைத்து நேரானால் மணிக்கட்டும் தோளும் கூடவே விறைக்கும். ஆகவே நிமிடத்துக்கு ஒரு தரம் கையை உதறிவிட்டு, மறுபடி பிடிக்கச் சொல்ல வேண்டும். வில்லின் நாரைத் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் பட்டால் அதில் பூசும் ரோஸின் பிசின் ஒட்டாது.

5. வில் போடுவது

வில்லின் நடுப்பகுதியை மட்டும், டி தந்தியில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு இணையாக இழுக்க வேண்டும். கரகரத்தால் கை அழுத்துகிறது. காற்றுப்போல் மெலிந்தால் வில் விரற்பலகைப் பக்கம் நழுவியிருக்கிறது. கண்ணாடி முன் உட்கார்ந்தால் வில் கோணுவதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

6. இடக்கை

விரற்பலகையில் ஆசிரியர் மெல்லிய நாடா ஒட்டித் தருவார். டி தந்தியைச் சும்மா விட்டால் அது ‘ச’. சுட்டுவிரல் வைத்தால் சதுஸ்ருதி ரிஷபம், மோதிரவிரல் அந்தர காந்தாரம், சுண்டுவிரல் சுத்த மத்யமம். அடுத்த ஏ தந்தி ‘ப’; அதிலும் அதே விரல்கள் மேல் ஷட்ஜம் வரை போகும். வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்ட பிள்ளைக்கு இது சங்கராபரணம். மேற்கத்திய முறையில் டி மேஜர். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் லேசாகத் தொட்டால் போதும், பிடித்து நெரிக்க வேண்டாம்.

7. முதல் பாட்டு

ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுஸுகியின் (1898–1998) வழியில் வந்த செல்லோ புத்தகம் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டில் தொடங்குகிறது. மேலே சொன்ன இடங்களுக்குள்ளேயே அந்த மெட்டு முழுவதும் அடங்கிவிடுகிறது. அதே மெட்டை வேறு வேறு தாளக்கட்டில் வாசிக்கவைப்பார்கள். வில் கை அதில்தான் உறுதிப்படும். அந்த முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, வீட்டில் கூட இருந்து சாதகம் செய்யவைப்பார்கள்.

8. எடுத்து வைப்பது

வில்லின் திருகைத் தளர்த்தி, தந்தியில் படிந்த ரோஸின் தூளைத் துணியால் துடைத்து, செல்லோவைப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடக் கூடாது. சூட்டில் பசை இளகி மரப்பலகைகள் பிரியும்.