பூட்டுப் போட்டால் எங்கே போவது?
மணிமங்கலம் பக்கம் வாடகை வீடு தேடுவோர் கவனிக்க!

பல்லவ மன்னன் நரசிம்மவர்மனும் சாளுக்கிய மன்னன் புலிகேசியும் 7-ம் நூற்றாண்டில் மோதிய போர்க்களம் மணிமங்கலம். இன்று அங்கே நடப்பது வேறு யுத்தம். வாடகை வீட்டு யுத்தம்!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இந்த ஊருக்கு ஒரு பக்கம் தாம்பரம். மறு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகள். கார் கம்பெனி, செல்போன் கம்பெனி, உதிரிபாகக் கம்பெனி என்று ஷிப்டு ஷிப்டாக ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். வேலை கிடைத்து விடுகிறது. வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு.

கிடைத்தாலும் பேச்சு இப்படித்தான் போகும்:-

"அட்வான்சு பத்து மாசம். கரண்டுக்குத் தனி. அக்ரிமெண்டு எல்லாம் எதுக்குப்பா? நம்பிக்கைதானே முக்கியம்!"

"சரிங்க சார்."

நம்பிக்கை நல்லதுதான். ஆனால் நைட் ஷிப்டு முடிந்து வரும்போது கதவில் வேறு பூட்டுத் தொங்கினால்? திடீரென்று தண்ணீர் நின்று போனால்? காலி செய்த பிறகு அட்வான்சு திரும்பி வராவிட்டால்? "நம்பிக்கை" என்று சொல்லி எந்தக் கோர்ட்டு வாசலிலும் நிற்க முடியாது. காகிதம் வேண்டும்.

புதிய சட்டம் சொல்வது என்ன?

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பலர் இன்னும் நினைத்துக் கொண்டு இருக்கிறார்கள். அது இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் நிறைவேறிய சட்டம் 2019 பிப்ரவரி 22-ந்தேதி அமலுக்கு வந்தது. வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவருடைய உரிமையையும் பொறுப்பையும் சொல்லும் சட்டம் இது.

அதன்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையதளத்திலேயே பதியலாம். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் வாடகை அதிகாரி.

வாங்கும் வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் இரண்டு மாதம் மணியார்டரில் அனுப்பி விட்டு, அதன் பிறகு வாடகை அதிகாரியிடமே கட்டலாம். வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமானால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

முக்கியமானது இது: தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி ஆளை விரட்டக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். உடனே திரும்பக் கொடுக்கும்படி அவர் உத்தரவிட முடியும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் குடியிருப்பவரை வெளியேற்றக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கும் வாடகை கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தானே பூட்டுப் போட முடியாது.

கையெழுத்தில் ஒரு கண்ணி

அட்வான்சு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்கிறது.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதே பிரிவில் ஒரு கண்ணியும் இருக்கிறது. "வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொண்டால் ஒழிய" என்பதுதான் அது. பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் பத்து மாதமும் செல்லும். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான்.

எல்லைக்கோடு எங்கே?

இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்காக வந்தது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. குன்றத்தூர் நகராட்சி. மணிமங்கலமோ ஊராட்சி. ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் இரண்டு பேர். ஒருவர் மாநகராட்சி எல்லைக்குள் குடியிருக்கிறார், இன்னொருவர் ஊராட்சியில். இருவருக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல!

வீடு எந்த எல்லையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்து கொள்வது? வீட்டுவரி ரசீதைக் காட்டச் சொன்னால் போதும். வரி வாங்குவது யார் என்று அதிலேயே இருக்கும்.

ஊராட்சி என்றால் குடியிருப்பவர் அனாதை என்று அர்த்தம் இல்லை. அங்கே பேசுவது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். மாத வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற 15 நாள் நோட்டீசு போதும் என்கிறது அது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கொண்டால் அதுதான் செல்லும். அதாவது, "மூன்று மாத நோட்டீசு" என்று ஒரு வரி எழுதி வாங்கினால், 15 நாள் மூன்று மாதமாகி விடும். அந்த ஒரு வரிதான் குடும்பத்துக்குக் காவல்.

நோட்டீசு முடிந்த பிறகும் பலவந்தம் செல்லாது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வர 1963-ம் ஆண்டு சட்டம் ஒன்று வழி செய்கிறது. மிரட்டினாலோ சாமான்களைத் தெருவில் வீசினாலோ போலீசில் புகார் கொடுக்கலாம்.

கம்பெனி விடுதி

வல்லம்-வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வாடகை நெருக்கடிக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். கம்பெனி தனக்குச் சொந்தமான கட்டிடத்தை வேலை ஒப்பந்தத்தின்படி தன் ஊழியர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தால், அதற்கு 2017 சட்டம் பொருந்தாது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை போனால் அறையும் போகும்.

அட்வான்சுக்கு முன்னால்...

வீட்டுவரி ரசீதைப் பாருங்கள். எத்தனை மாத அட்வான்சு, எத்தனை நாள் நோட்டீசு, கரண்டு யூனிட்டுக்கு எவ்வளவு, மூன்றையும் எழுதி வாங்குங்கள். குடி போகும் அன்றே மீட்டர் கணக்கைக் குறித்து வையுங்கள். சுவர், குழாய், மின்விசிறியைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள்.

"இதெல்லாம் கேட்டா வீடு கொடுக்க மாட்டாங்கப்பா" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், சிலர் கொடுக்க மாட்டார்கள். ஆனால் நாலு வரி எழுதிக் கொடுக்கவே தயங்குகிறவர், நாளைக்கு அட்வான்சைத் திருப்பிக் கொடுக்கத் தயங்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?