தொட்டில் கட்டலாமா?

கல்யாணமாகி மூன்று வருஷம். தம்பதி இருவர் ரத்தத்திலும் எச்.ஐ.வி. கிருமி. குழந்தை ஆசை மட்டும் விடவில்லை. “இந்த லட்சணத்தில் பிள்ளை வேறா?” என்றுதானே கேட்கிறீர்கள், நேயர்களே?

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகச் சென்னையில் தென்பட்ட 1986-ல் கேட்டிருந்தால் பதில் இல்லை. சிகிச்சையின்றி விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். தாய் மாத்திரையைத் தவறாமல் விழுங்கி, பிறந்த சிசுவுக்கும் மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே! மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரியில் இனாம்.

ஆனால் அவசரம் கூடாது. ரத்தத்தில் கிருமி அடங்கியதென்று டாக்டர் சொல்லும்வரை ஆணுறைதான் கதி. கர்ப்பமான பிறகு தெரிந்தாலும் குடி முழுகிவிடாது; உடனே மருந்தைத் தொடங்கலாம்.

மாமியார் கண்ணில் படாமல் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளிக்கும் மருமகள்கள் உண்டு. ஒளிக்கட்டும், வேளை மட்டும் தவறக் கூடாது.