வரப்பில் நின்றால் மட்டும் போதுமா?

"தோட்டத்துல வேலை பார்க்கிற நமக்கு எதுக்குங்க தனியா உடற்பயிற்சி?" நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கி நாற்காலியில் காலம் கழித்தவன். ஓய்வுக்குப் பின் சிறுசேரியில் மண்ணைத் தொட்டதும் உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

போன ஆண்டு ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். 150-க்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு கொழுப்பு 240. ஆண்களுக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டிய நல்ல கொழுப்பு, எச்.டி.எல்., 34. "தினமும் எவ்வளவு நேரம் மூச்சு வாங்குற மாதிரி வேலை செய்றீங்க?" என்றார் மருத்துவர். பதில் இல்லை. உழவுக்குப் பவர் டில்லர், தண்ணிக்கு மோட்டார், களைக்கு ஆள். நான் வரப்பில் நின்று மேற்பார்வை!

நான் மட்டுமல்ல. சிறுசேரியிலேயே ஆய்வு மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகரில் ஆய்வு நடத்தியது. 2014-ல் வெளியான முடிவு: நகரத்தில் 65 சதவீதம் பேருக்கு உடலுழைப்பு போதவில்லை. கிராமத்திலும் பாதிப் பேருக்கு அதே கதைதான்.

மறுபக்கம் பாருங்கள். பொலிவியக் காட்டில் பயிர் செய்து, வேட்டையாடி வாழும் சிமானே மக்களில் 705 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 85 சதவீதம் பேரின் இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்புப் படிவே இல்லை என்று 2017-ல் 'லான்செட்' இதழ் எழுதியது. அங்கே ஆண்கள் தினமும் ஆறேழு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள். நார்ச்சத்துள்ள உணவும் ஒரு காரணம்.

உழைக்கும் தசை, ட்ரைகிளிசரைடை எரிபொருளாக இழுத்துக்கொள்கிறது. எச்.டி.எல். மெல்ல ஏறுகிறது. வேகமாகப் பாயும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசும்போது நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, குழாய் இளகி விரிகிறது. ஆனால் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு நடையால் கொஞ்சம்தான் இறங்கும். அதனால் 'இயற்கை வழிக்கு வந்துட்டோமே' என்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடியணும், பாட முடியக் கூடாது; அதுதான் சரியான வேகம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன். விடியலில் அரைமணி வேக நடை. பிறகு மூடாக்குக்குத் தழை சுமப்பது, மண்வெட்டி பிடித்துப் பாத்தி கட்டுவது என் வேலை. ஆறு மாதத்தில் ட்ரைகிளிசரைடு 165, எச்.டி.எல். 38. மாத்திரை தொடர்கிறது.

நாளைக் காலையில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, வயலுக்கு நடந்து போங்கள்.